பாரதம் நடக்கும் ஊர்கள்

"பாலம், மோட்டார், டிரான்ஸ்பார்மர் எல்லாம் வேண்டாம்ப்பா. அதைத்தான் தினமும் பார்க்கிறோமே. உங்க ஊர்ப் பக்கத்து விஷயம் ஏதாவது எழுதிக் கொடு" என்று மலர்க் குழு நண்பர் கேட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் என்றால் செய்யாறு, வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரம். பழைய கணக்கில் வடாற்காடு, தென்னாற்காடு, செங்கற்பட்டு மாவட்டங்கள். நம் விடுதியில் இந்தப் பக்கத்துப் பையன்கள் எப்போதும் நாலு பேராவது இருப்பார்கள். அவர்களில் யாரைக் கேட்டாலும் ஊர்ப் பெருமை என்று ஒன்றைத்தான் சொல்வார்கள். அது பாரதம்.

தஞ்சாவூர் நண்பர்களுக்குத் திருவையாறு ஆராதனை இருக்கிறது. மதுரை நண்பர்களுக்குச் சித்திரைத் திருவிழா இருக்கிறது. எங்களுக்குப் பங்குனி பிறந்துவிட்டால் ஆடி முடியும்வரை சுற்று வட்டாரத்தில் ஏதாவது ஓர் ஊரில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். டீக்கடையில் உட்கார்ந்தால், "எந்த ஊர்ல பாரதம் வெச்சிருக்காங்க? இன்னிக்கு இன்னா கூத்து?" என்பதுதான் பேச்சு. பத்து நாளில் முடிகிற பாரதம் உண்டு, இருபது நாள் நடக்கிற பாரதமும் உண்டு. பிற்பகலில் கதைப் பிரசங்கம், இரவில் விடிய விடியத் தெருக்கூத்து, கடைசி நாள் காலை படுகளம், மாலை தீமிதி. சபா கிடையாது, டிக்கெட் கிடையாது. ஊரே செலவு செய்து ஊரே உட்கார்ந்து கேட்கும் கச்சேரி இது.

இவ்வளவு பெரிய ஏற்பாட்டை எது தாங்கி நிற்கிறது? பக்தி என்பார்கள் பெரியவர்கள். கலை என்பார்கள் ஆராய்ச்சியாளர்கள். இரண்டும் உண்மைதான். ஒரு கட்டடத்தைப் பார்த்தால் பாரம் எங்கே இறங்குகிறது என்று தேடுவது நம் தொழில் புத்தி. அப்படித் தேடினால் பாரதத்தின் பாரம் இறங்குகிற இடம் வேறு. அது வரி. யார் வீட்டு வரி, யார் வீட்டுப் பங்கு என்ற கணக்கு. அந்தக் கணக்கின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழக்கம்

காஞ்சிபுரத்துக்கு அருகில் கூரம் என்று ஒரு கிராமம். அங்கே கிடைத்த செப்பேடு 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. ஒரு கிராமத்தைப் பங்குகளாகப் பிரித்துக் கொடுத்ததை அது சொல்கிறது. அந்தப் பங்குகளில், அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கும் பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். மாமல்லபுரத்தில் 'அர்ச்சுனன் தபசு' என்று நாம் சொல்லும் அந்தப் பெரிய பாறைச் சிற்பமும் அதே 7ஆம் நூற்றாண்டுதான். தொண்டை மண்டலத்தில் பாரதக் கதை ஊருக்கு நடுவில் உட்கார்ந்து கேட்கும் கதையாக ஏறக்குறைய 1,300 ஆண்டுகளாக இருந்து வருகிறது. அன்றைக்கே அது 'பங்கு' என்ற சொல்லோடு சேர்ந்துதான் வந்திருக்கிறது.

இன்று எங்கள் பக்கத்துப் பிரசங்கத்துக்கு அடிப்படை வில்லிபுத்தூராரின் பாரதம். பத்துப் பருவங்கள், சுமார் 4,300 பாடல்கள். போர் முடிந்ததோடு நூலும் முடிந்துவிடும். திருவிழாவும் ஏறக்குறைய அங்கேதான் முடிகிறது. 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை இந்தக் கதையை இன்னும் விரித்துப் பாடினார். இந்தப் பாடல்களை ராகம் போட்டுப் பாடிப் பொருள் சொல்பவரை எங்கள் பக்கம் 'பாரதியார்' என்போம். நம் மகாகவி பாரதியார் இல்லை. பாரதம் சொல்வதால் இவர் பாரதியார்! பக்கத்தில் பின்பாட்டுக்காரர் ஒருவர், ஆர்மோனியம் ஒன்று. எதிரே வெற்றிலைப் பொட்டலத்தோடு பாட்டிமார்கள். "துரோணர் அன்னிக்கு அப்படிச் சொன்னாரே, இன்னிக்கு இப்படிப் பண்ணலாமா?" என்று இவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்லத் தெரியாத பாரதியாரை அடுத்த வருடம் ஊர் கூப்பிடாது.

விழாவின் தலைவி திரௌபதி அம்மன். செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரிக் கோயில்தான் மூலக் கோயில் என்பது பக்தர்களின் நம்பிக்கை. இந்தச் செஞ்சி வட்டாரத்தை மையமாக வைத்து ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988லும் 1991லும் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். கப்பலேறிப் போன நம் மக்கள் அம்மனைக் கூடவே அழைத்துப் போனார்கள். சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் ஐப்பசியை ஒட்டி நடக்கும் தீமிதியும் திரௌபதி அம்மனுக்காகத்தான். அங்கே வேலை பார்க்கும் நம் கல்லூரி நண்பர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இருபது நாள் அட்டவணை

எங்கள் பக்கம் ஆறு கிடையாது என்றே சொல்லலாம். செய்யாற்றிலும் பாலாற்றிலும் தண்ணீரைவிட மணல் ஓடிய நாள்கள்தான் அதிகம். ஏரிப் பாசனமும் கிணறும்தான் கதி. சம்பா அறுவடை தை மாசியில் முடியும். ஏரி வற்றும். ஆடி மழை வரும்வரை நிலத்தில் பெரிய வேலை இருக்காது. நெல் வீட்டில் இருக்கும், கை சும்மா இருக்கும். பாரதம் அந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்துகொண்டது. விராட பருவம் படித்தால் மழை வரும் என்ற நம்பிக்கையையும் இதோடு சேர்த்துப் பார்த்தால் அட்டவணையின் நியாயம் புரியும்.

முதலில் கொடியேற்றிக் காப்புக் கட்டுவார்கள். முதல் சில நாள்கள் பிரசங்கம் மட்டும். பிறகு கூத்து ஜமா வந்து இறங்கும். வில் வளைப்பு, சுபத்திரை திருமணம், ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, விராட பருவத்து மாடுபிடி சண்டை, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுக்கு ஒரு கதை. பிற்பகலில் பாரதியார் சொன்ன பகுதியை அன்றிரவோ அடுத்த இரவோ கண்ணால் பார்க்கலாம். சிலபஸ் முடித்துவிட்டு லேப் வைப்பது மாதிரி.

பகலிலும் சில காட்சிகள் உண்டு. பகாசுரன் வதம் அன்று பீமன் வேடக்காரர் மாட்டு வண்டியில் ஏறித் தெருத் தெருவாக வருவார். வீட்டுக்கு வீடு சோறும் குழம்பும் பலகாரமும் வண்டியில் ஏற்றுவார்கள். பீமன் அதை அள்ளித் தின்றுகொண்டே வருவார், பிள்ளைகள் மேலும் வீசுவார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தீபாவளியைவிட இந்த நாள் பெரிது.

அர்ச்சுனன் தபசு அன்று திடலில் உயரமான தபசு மரத்தை நட்டுப் படிக்கட்டைகள் அடித்திருப்பார்கள். அர்ச்சுனன் வேடக்காரர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே உச்சிக்குப் போவார். கீழே குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு காத்திருப்பார்கள். மேலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் விழும். மரத்தை நிமிர்த்துவதற்குக் கிரேன் எல்லாம் கிடையாது. நாலு பக்கமும் கயிறு, குழியில் சாய்த்து வைத்த பலகை, முப்பது நாற்பது ஆட்களின் ஒரே மூச்சு. நான் படித்த ஸ்டாட்டிக்ஸ் முழுவதும் அதில் இருக்கிறது. அதைச் செய்பவர்களுக்கு ஸ்டாட்டிக்ஸ் என்ற சொல் தேவைப்படவில்லை.

கடைசி நாள் படுகளம். திடலில் துரியோதனன் மண்ணால் மல்லாந்து படுத்திருப்பான். ஒரு வீட்டு நீளத்துக்கு மேலேயே இருப்பான். இரவெல்லாம் நடந்த பதினெட்டாம் போர்க் கூத்து விடியும்போது, வேடம் கலைக்காத பீமனும் துரியோதனனும் நேராகத் திடலுக்கு வந்து அந்த மண் உருவத்தைச் சுற்றிச் சுற்றி அடித்துக்கொள்வார்கள். தொடையில் புதைத்து வைத்த சிவப்பு நீர் உடைந்து பீறிடும். விரித்த கூந்தலோடு இருந்த திரௌபதி அப்போதுதான் முடி முடிவாள். மாலையில் தீமிதி. நன்கு வெந்த கரித்தணல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், பாதம் படுவது கணநேரம் என்ற காரணம் எனக்குத் தெரியும். காரணம் தெரிந்த நான் இதுவரை குண்டத்தில் இறங்கவில்லை. காரணம் தெரியாத என் பெரியம்மா ஏழு முறை இறங்கிவிட்டார்.

பந்தம் முதல் மைக் வரை

கூத்தின் ஒப்பனையை வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். கர்ணன், துரியோதனன் போன்ற ராஜ வேடங்களுக்குத் தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். எல்லாம் மரத்தில் செய்தவை. அதனால்தான் கட்டைக்கூத்து என்றும் பெயர். இவற்றைக் கனமில்லாத கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள். விடிய விடிய ஆடுகிறவன் தலையில் தேக்கை வைக்க முடியுமா? மேலே கண்ணாடிச் சில்லுகளும் மினுக்குத் தாளும் ஒட்டியிருக்கும். கரண்ட் இல்லாத காலத்தில் எண்ணெய்ப் பந்த வெளிச்சத்தில், இருநூறு பேருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் கர்ணன் தெரிய வேண்டும். பந்தம் அசைய அசைய ஒவ்வொரு சில்லும் ஒரு விளக்கு. நல்ல லைட்டிங் டிசைன் என்றால் இதுதான்.

சத்தமும் அப்படியே. முகவீணை என்ற சிறிய குழல் வாத்தியத்தின் குரல் இரவுக் காற்றில் அடுத்த ஊருக்குக் கேட்கும். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம் சேர்ந்துகொள்ளும். உச்சக் குரலில் பாடிப் பழகிய தொண்டைகள். பந்தம் போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது. பெட்ரோமாக்ஸ் போய் டியூப் லைட்டும் மைக்கும் வந்தன. மேலே கயிற்றில் மைக்கைத் தொங்கவிட்ட பிறகு ஒரு மாற்றம். திடல் முழுக்கச் சுற்றி ஆடிய ஆட்டம் மைக்குக்குக் கீழே வந்து நின்றுகொண்டது. கடைசி வரிசைக்குப் பாட்டு கேட்கிறது, ஆனால் ஆட்டம் சுருங்கிவிட்டது. இதை ஒரு வாத்தியாரிடம் சொன்னேன். "நீங்கதானே தம்பி இஞ்சினீரு. ஒயர் இல்லாத மைக்கு வாங்கிக் குடுங்க, நான் ஆடிக் காட்டறேன்" என்றார். நியாயமான பதில்.

நோட்டில் இருந்த இரண்டு பக்கங்கள்

நிற்க. இனி வரிக் கணக்குக்கு வருவோம்.

எங்கள் ஊர்க் கோயிலில் என் தாத்தா காலத்துக் கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. தாள் பழுத்து ஓரம் உதிர்ந்துவிட்டது. இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. வரவுப் பக்கத்தில் தலைக்கட்டு வரி. கல்யாணமாகித் தனிக்குடும்பமான ஆண் ஒரு தலைக்கட்டு. ஒவ்வொருவர் பெயரும், கொடுத்த ரூபாயும் நெல்லும். பணக்காரனுக்கும் ஒரே வரி, ஏழைக்கும் ஒரே வரி. இதில் ஒரு பெரிய அழகு இருக்கிறது. வரி கொடுத்தவன் எவ்வளவு ஏழையானாலும் ஊர்க்கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கலாம். அம்மன் அவன் வீட்டு வாசலிலும் நின்று தீபாராதனை வாங்கிப் போவாள். வரி என்பது சுமையில்லை, அது உரிமைச் சீட்டு.

வலது பக்கம் செலவு. பாரதியாருக்கு இவ்வளவு. கூத்து ஜமாவுக்கு இவ்வளவு. மண்ணெண்ணெய், மேண்டில். தபசு மரம் தூக்கிய ஆட்களுக்கு, படுகள மண் பிசைந்தவர்களுக்கு, பந்தம் பிடித்தவருக்கு, பறை அடித்தவர்களுக்கு, தீமிதிக்கு விறகு உடைத்தவர்களுக்குக் கூலி.

இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. காலனி மக்களின் பெயர்கள் செலவுப் பக்கத்தில் வரிசையாக இருக்கின்றன. வரவுப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. பறை இல்லாமல் அம்மன் புறப்பட மாட்டாள். மண் பிசையாமல் துரியோதனன் படுக்க மாட்டான். ஆனால் அவர்களிடம் வரி வாங்குவதில்லை. வாங்காதது கருணையால் அல்ல. வாங்கினால் ஊர்க்காரராக ஏற்றுக்கொள்ள வேண்டுமே என்பதால்.

சில ஆண்டுகளுக்கு முன் ஊர்க்கூட்டத்தில் இந்தக் கேள்வி நேராகவே வந்தது. காலனியைச் சேர்ந்த ஓர் இளைஞர், ஐ.டி.ஐ. முடித்துக் கம்பெனி வேலைக்குப் போகிறவர், நாலு பேரோடு வந்து, "எங்ககிட்டயும் வரி வாங்குங்க" என்றார். கூட்டத்தில் ஒரு பெரியவர் நயமாகத்தான் பதில் சொன்னார்: "வரி எதுக்குப்பா? நன்கொடையா எவ்வளவு வேணா குடுங்க. மைக்ல பேர் சொல்றோம்."

அதற்கு அந்த இளைஞர் சொன்னதை நான் மறக்கவே முடியாது. "நன்கொடை வெளியூர்க்காரன் குடுக்கிறது பெரியவரே. நாங்க உள்ளூரு."

கூட்டம் அமைதியாகிவிட்டது. பகடை துகில் அன்று திரௌபதி சபையில் நின்று ஒரு கேள்வி கேட்பாள். தன்னையே தோற்றுவிட்ட தருமன் என்னை எப்படிப் பந்தயம் வைக்கலாம் என்று. பீஷ்மர், துரோணர், விதுரர் எல்லாரும் இருந்த சபை அது. நேரான பதில் வராது. அந்தப் பதில் வராததற்குத்தான் பதினெட்டு நாள் போர். வருடா வருடம் அந்தக் கதையை விடிய விடியக் கேட்கும் நாங்கள், எங்கள் சபையில் ஒரு கேள்வி வந்தபோது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு கூட்டம் போட்டும் முடிவு வரவில்லை. அந்த ஆண்டு விழாவே தள்ளிப்போனது. அடுத்த ஆண்டு, கூத்துச் செலவுக்கு மட்டும் எல்லாத் தலைக்கட்டிலும் வரி வாங்குவது என்று முடிவானது. அந்தப் பக்கத்துப் பெயர்கள் முதல்முறையாக நோட்டின் இடது பக்கத்தில் ஏறின. கர்ண மோட்சம் அன்று இரண்டு பக்கத்தாரும் ஒரே திடலில் உட்கார்ந்து பார்த்தார்கள். அம்மன் உலா மட்டும் இன்னும் காலனிக்குள் போகவில்லை. பாதி தூரம் வந்திருக்கிறோம். மீதிப் பாதி இருக்கிறது.

இது ஒரு ஊர்க் கதை அல்ல

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அங்குள்ள தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது சென்ற தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில்தான் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட்டார்கள். கோயில் நுழைவுச் சட்டம் இங்கே 1947லேயே வந்துவிட்டது. சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் 78 வருடம்!

பழமையைக் காப்பாற்றுகிறோம் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. திரௌபதி அம்மன் கோயில்களில் முத்தால ராவுத்தர் என்று ஒரு காவல் தெய்வம் உண்டு. பெயரே சொல்கிறது, அவர் முஸ்லிம். எந்தக் காலத்திலோ நம் முன்னோர்கள் ஒரு ராவுத்தரை அம்மனுக்குக் காவலாக வைத்து, அவருக்கும் படையல் போட்டார்கள். அவ்வளவு தாராளமான அம்மன் அவள். பறை அடித்து அவளை எழுப்புகிறவனை வெளியே நிற்க வைக்கச் சொன்னது அவளாக இருக்க முடியாது.

கூத்துக்காரர்கள்

கணக்கில் இன்னொரு பக்கத்தாரையும் சொல்ல வேண்டும். கூத்து ஜமாவில் பாடகர், வாத்தியக்காரர் சேர்த்துப் பன்னிரண்டு பதினைந்து பேர். இரவு பத்து மணிக்குக் கட்டியக்காரன் வந்து கிண்டலை ஆரம்பித்தால் விடிகிறவரை தூக்கம் கிடையாது. காலையில் முகத்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயில் துடைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுவார்கள். ஒருவர் வீட்டில் சாவு என்றால் பதினாறாம் நாள் கர்ண மோட்சம் ஆடவும் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

செய்யாறு வட்டத்துப் புரிசைத் தம்பிரான் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து வருகிறது. 1970களில் புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து வியந்த எழுத்தாளர் ந. முத்துசாமி, நவீன நாடகத்துக்கு இங்கேயே வேர் இருக்கிறது என்று சொல்லி, 1977ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். பட்டணத்தில் பெரிய நடிகர்கள் பலர் அங்கே பயின்றார்கள். 1990ல் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயின் அம்மையாரும் கூத்துக்காரர்களைச் சேர்த்துக் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். அவர்கள் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கிரீடம் கட்டி ஆடக் கற்றார்கள். ஆண்களே திரௌபதி வேடம் போட்டு வந்த கலையில் இது சின்ன விஷயமில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மாதத்தைப் பாருங்கள், பங்குனி! இவர்களுக்குச் சம்பாதிக்கும் காலமே பங்குனி முதல் ஆடி வரைதான். 2021லும் இரண்டாவது அலை அதே மாதங்களில் வந்தது. இரண்டு பருவம் அடுத்தடுத்துப் போனதில் தறிக்கும் கட்டட வேலைக்கும் போனவர்கள் உண்டு. எல்லாரும் கூத்துக்குத் திரும்பி வரவில்லை. நமக்கு அந்த நாள்களில் வீட்டில் இருந்தபடியே சம்பளம் வந்தது. கர்ணனுக்கு வரவில்லை.

நம்மால் ஆனது

முன்னாள் மாணவர்களாகிய நாம் ஊரைவிட்டு வந்தவர்கள். ஊர்த் திருவிழா என்றால் கூகுள் பேயில் ஒரு தொகை அனுப்புகிறோம். அது நன்கொடை. மைக்கில் பேர் சொல்வார்கள், பேனரில் போட்டோ போடுவார்கள். போன பாரதத்தில் என் பெயரை மூன்று முறை மைக்கில் சொன்னார்களாம். படுகள மண்ணை மூன்று நாள் காலால் மிதித்துப் பிசைந்தவர்களின் பெயரை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. பணம் அனுப்புகிறவர்களுக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. அந்த மரியாதையைப் பேனரில் செலவழிக்காமல் வேறு நல்லதற்குச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து.

முதலாவது, பணம் அனுப்பும்போது ஒரு கேள்வியும் சேர்த்து அனுப்புங்கள்: "எல்லாத் தலைக்கட்டிலும் வரி வாங்கியாச்சா?" ஒருவர் கேட்டால் கேலி செய்வார்கள். பத்துப் பேர் கேட்டால் கூட்டத்தில் பேசுவார்கள். நான் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டாவது, கூத்து ஜமாவுக்குப் பேசிய தொகையை முழுசாக, விடிந்த உடனே, கையில் கொடுக்கச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு முன்பணம் கொடுக்கிற ஊர், கூத்துக்காரரை மட்டும் மதியம் வரை காக்க வைப்பது நியாயமில்லை.

மூன்றாவது, மாணவத் தம்பி தங்கைகளுக்கு. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு இரவாவது முழுசாக உட்காருங்கள். முன்வரிசையில் பாய் போட்டு உட்காருங்கள். ஒரு மணிக்குக் கண் சொக்கும். மூன்று மணிக்குக் கட்டியக்காரன் சிரிக்க வைப்பான். நாலரைக்குக் கர்ணன் அம்பு பட்டு விழும்போது, பக்கத்தில் இருக்கும் பாட்டி அழுவார். நீங்களும் அழுவீர்கள். செல்போனில் இரண்டு நிமிடம் பார்த்தால் இது வராது. முடிந்தால் கோயிலில் இருக்கும் பழைய கணக்கு நோட்டுகளைப் போட்டோ எடுத்து வையுங்கள். அரசர்களின் வரலாற்றைச் செப்பேடு காப்பாற்றிவிட்டது. நம் ஊர்களின் வரலாறு கரையான் வாயில் இருக்கிறது.

இந்தச் சங்கத்துக்கு நாம் எல்லாரும் ஒரே சந்தா கட்டுகிறோம். அமெரிக்காவில் இருப்பவரும் சரி, ஊரில் ஒர்க் ஷாப் வைத்திருப்பவரும் சரி, அதே தொகைதான். அதனால்தான் ஆண்டுக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்க முடிகிறது. கல்லூரியில் நாம் பழகிய இந்த வழக்கத்தை ஊருக்குக் கொண்டுபோவது நம் கடமை. எங்கள் ஊரில் அடுத்த பாரதத்துக்குக் காப்புக் கட்டுவதற்கு முன் மறுபடியும் கூட்டம் கூடும். அம்மன் உலா எந்தத் தெரு வரை போக வேண்டும் என்பதுதான் அன்றைய பேச்சு. விடுமுறை போட்டுவிட்டுப் போகிறேன். அந்தப் பக்கத்தில் வேலையிருக்கும் நண்பர்கள் வந்தால், மறுநாள் இரவு கூத்தும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பாய் எங்கள் வீட்டில் இருக்கிறது.